முந்திரி முதல் கலம் வரை

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் அரிச்சுவடிக்கு அடுத்துச் சிறுவர் கையில் ஏறிய ஏடு எண்சுவடி. பேச்சு வழக்கில் அது எஞ்சுவடி. பழைய கல்விமுறையை எழுதப் புகுவோர் நிகண்டையும் சதகங்களையும் போற்றிவிட்டு இவ்வேட்டை ஒரு வரியில் கடந்து செல்வதுண்டு. நிகண்டு வரை சென்றவர் சிலரே. எண்சுவடியோடு நின்று தொழிலுக்குப் போனவர் மிகப் பலர். அவர்கள் பெற்ற தமிழ்ப்பயிற்சியில் பெரும்பகுதி எண்ணின் வழியே வந்ததாகும்.

இன்றைய குழந்தை ஒன்று, இரண்டு என முழு எண்ணில் தொடங்குகிறது. பின்னம் சில ஆண்டுகள் கழித்து அச்சத்தோடு வந்து சேர்கிறது. திண்ணைப் பள்ளியில் பொன்னிலக்கம் பயின்ற சிறுவனுக்குப் பின்னம் தொடக்கத்திலேயே பழகிய பொருள். ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி. இரண்டு காணி அரைமா. இரண்டு அரைமா ஒரு மா. ஐந்து மா சேர்ந்தால் கால்.

எதற்காக 320? மா என்பது இருபதில் ஒன்று. வீசம் பதினாறில் ஒன்று. இருவேறு குடும்பத்தைச் சேர்ந்த இப்பின்னங்கள் முந்திரியில் வந்து கைகோக்கின்றன. மாவுக்குப் பதினாறு முந்திரி, வீசத்துக்கு இருபது முந்திரி. வீசத்தின் மறுபெயர் மாகாணி. மாவையும் காணியையும் கூட்டினால் பதினாறில் ஒன்று வருகிறது. பெயரே கூட்டல் கணக்காக நிற்கிறது. இச்சொல்லை ஆக்கியவர் பெயர் தெரியாத புலவர் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

நெல்லிலக்கம் களத்துக்குரியது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. அங்கிருந்து உழக்கு, உரி, நாழி என இரட்டித்து ஏறும். எட்டு நாழி ஒரு குறுணி. குறுணி, பதக்கு, தூணி என மீண்டும் இரட்டித்து, மூன்று தூணியில் கலம் நிறையும். கலத்துக்கு 96 நாழி. நில அளவைக்குக் குழிமாற்று என்னும் வாய்பாடு தனியே இருந்தது. தஞ்சைப் பகுதியில் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பின்னத்தின் பெயரே நிலத்தின் பெயராகவும் அமைந்ததால், வாய்பாடு சொல்லும் பிள்ளை தன் ஊர் வயலைப் பங்கிடுவதாகவே உணர்ந்திருப்பான்.

கற்பித்தல் முறையோ எளியது, கடுமையானதும் கூட. முதலில் மணலில் விரல், பின்னர் ஓலையில் எழுத்தாணி. சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல, மற்றவர் ஒரே குரலில் திரும்பச் சொல்லும் ‘முறை’ நாள்தோறும் நடந்தது, பிழைத்தவனுக்குப் பிரம்பு. 1789இல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதக் கண்டு அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். தேர்ந்த மாணவன் மற்றவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அங்கே வளர்த்தெடுத்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலால் அது ‘மதராஸ் முறை’ எனப் பெயர்பெற்று இங்கிலாந்தில் பரவியது. மணல் கடல் கடந்தது. முந்திரி இங்கேயே தங்கிவிட்டது.

தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்ததாகக் காட்டுகிறது. தரம்பால் 1983இல் அவ்வறிக்கைகளை நூலாக வெளியிட்டபின் இவ்வெண்கள் பெருமிதத்தோடு எடுத்தாளப்படுகின்றன. பெருமிதத்துக்கு இடமுண்டு, தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத மாணாக்கரே மிகுதி. எனினும் அத்தொகையில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. சேரிப் பிள்ளைகளுக்கோ திண்ணை பெரும்பாலும் எட்டாத உயரமாகவே இருந்தது. களத்தில் கூலிநெல் அளந்து வாங்கியவரின் பிள்ளைக்கன்றோ நாழிக் கணக்கு மிகவும் வேண்டியிருந்தது! அளப்பவன் அறிந்து, வாங்குபவன் அறியாத கணக்கு எவர் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எண்சுவடியின் அழகைப் பேசுவோர் இதையும் சேர்த்தே பேசுதல் தகும்.

பலகையும் அச்சுநூலும் வந்தபின் எண்சுவடி மெல்ல ஒதுங்கியது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்தவரை வீச வாய்பாட்டுக்கு வேலை இருந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் நூறு பைசாக் கணக்கு வந்தது. அடுத்த ஆண்டு முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறையாயின. கணக்கு போனது, சொற்கள் போகவில்லை. ஏறக்குறைய முழுமை என்பதை ‘முக்காலே மூன்று வீசம்’ என்கிறது மக்கள் வழக்கு. அது 300 முந்திரி. ஒரு வீசம்தான் குறை. ‘இம்மியும் பிசகாமல்’ என்பவர், கீழ்முந்திரியில் இருபத்தொன்றில் ஒரு பங்கே இம்மி என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில் எட்டும் காலும் சேர்ந்து வசையாவதைச் சுவைக்கவும், எட்டுக்குரிய குறி ‘அ’ என்றும் காலுக்குரிய குறி ‘வ’ என்றும் அறிந்திருக்க வேண்டும். பாடிய காலத்தில் கேட்டவர்க்கு உரை தேவைப்பட்டிராது; இன்று பதிப்பாசிரியர் அடிக்குறிப்பு இடுகிறார்.

முந்திரி முதலான பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறியின் 12ஆம் பதிப்பில் தனித் தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. பழங்கணக்கு ஏடுகளைப் படியெடுப்போர் அக்குறிகளை இப்போது கணினியிலேயே எழுத இயலும்.