கட்டை வைத்து இறக்கிய கால்கள்

என் வலது மணிக்கட்டு இன்றும் முழுதாய்த் திரும்பாது. 1986இல், பத்தொன்பது வயதில், ட்ரெய்லர் கால் சுற்றும் கைபிடி எகிறி அடித்தது. திருகோணமலைக்கு வெளியே ஒரு யார்ட். சீமெந்து ஏற்றிய ட்ரெய்லரைக் காலில் நிறுத்திவிட்டு, அதை இழுக்கும் பிரைம் மூவரைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு பக்கக் கால் மணலில் புதையத் தொடங்கியது. உயர்த்தச் சொன்னார்கள். கியர் பாதிதான் விழுந்திருக்கிறது என்று தெரியாமல் முழு உடம்பையும் கைபிடியில் போட்டேன். கியர் நழுவியது, கைபிடி பின்னால் பாய்ந்தது. யார்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கிளீனர் பெடியனுக்கு அடிபடும், அவ்வளவுதான் என்று இருந்த காலம்.

பிறகு சாரதியானேன், அதன்பிறகு கராஜில் பாஸ். எத்தனையோ கால்களைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். இந்த ஒரு உறுப்பைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ட்ரெய்லரின் முன்பக்கம் தொங்கும் இரண்டு இரும்புக் கால்களைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஓடும்போது மடக்கிய குடைபோல மேலே இருக்கும். பிரைம் மூவர் கழன்றதும் முன்பாரம் முழுவதும் அவற்றின் தலையில்தான். நாங்கள் ‘ஜக்’ என்போம், ‘கால்’ என்றும் சொல்வோம். எனக்குத் தொழில் பழக்கிய சாரதி அண்ணை கைபிடியைத் தொடுமுன் கேட்கும் கேள்வி ஒன்றே: “தம்பி, கட்டை வச்சியா?” கால் புதையாமல் அடியில் வைக்கும் பலகைதான் அந்தக் கட்டை.

ட்ரெய்லரின் பிறப்பிலேயே ஒரு படகு இருக்கிறது. 1914இல் அமெரிக்காவின் டெட்ரொயிட்டில் மரவியாபாரி ஒருவர் தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக வழி கேட்டார். ஓகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஃபோர்ட் மொடல் டி காரின் பின்னால் கொளுவும் வண்டியொன்றைச் செய்து கொடுத்தார். அரை ட்ரெய்லர் ஒரு தொழிலாக வளர அது ஒரு தொடக்கம். கொளுவும் வண்டி வந்தவுடன் கழற்றும் பிரச்சினையும் வந்தது: முன்பாரத்தை யார் தாங்குவது? இங்கிலாந்தில் 1930களில் ஸ்கமெல் கம்பனி ‘இயந்திரக் குதிரை’ என்ற மூன்று சக்கர இழுவையை விற்றது. அது பின்னால் வந்து கொளுவும்போதே ட்ரெய்லரின் முன்சக்கரங்கள் தாமாகவே மடங்கும். சாரதி இறங்கவே வேண்டாம். எண்பது, தொண்ணூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் கைபிடி இல்லாமல் செய்துவிட்டார் என்று அறிந்தபோது என் மணிக்கட்டைத் தடவிக்கொண்டேன். ஆனால் அது சின்னப் பாரத்துக்கு. பெரும் பாரத்துக்குத் திருகுதான் நிலைத்தது.

காரணத்தைக் கணக்காகச் சொல்கிறேன். கைபிடி 35 சென்ரிமீற்றர் நீளம் என்று வையுங்கள். ஒரு சுற்றில் கை 2.2 மீற்றர் போய் வருகிறது. மெதுவான கியரில் அந்தச் சுற்றுக்குக் கால் நகர்வது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான். அப்படியானால் கையின் பலம் 2,200 மடங்காக வேண்டும். ஆகாது. திருகுப்புரிகள் உரசுவதில் பாதிக்கு மேல் போய்விடும். அந்த உரசல் இல்லாவிட்டாலோ கைவிட்டதும் பாரம் கீழே இறங்கிவிடும். தானே பூட்டிக்கொள்ளும் திருகு, போட்ட உழைப்பில் பாதிக்கு மேல் திருப்பித் தராது என்பது பொறியியலில் தெரிந்த விதி. கராஜில் இருக்கும் எண்ணெய் ஜக் (1851இல் நியூயோர்க்கின் ரிச்சர்ட் டட்ஜன் உரிமம் எடுத்தது) லேசாகத் தூக்கும். வோஷர் தேய்ந்தால் இரவோடிரவாக இறங்கியும் விடும். தூக்கியதை விடிய விடியத் தாங்கத் திருகு வேண்டும்.

அப்படியானால் இலேசாக்கியது எது? இரண்டு கியர். வெறும் காலை நிலம்வரை இறக்க வேகக் கியர். நிலம் தொட்டபின் பாரம் தூக்க மெதுவான கியர். இரண்டையும் மெதுவான கியரிலேயே சுற்ற வேண்டியிருந்தால், ஒரு கொளுவலுக்கே நெடுநேரம் ஆகும். என் கையை முறித்ததும் இதே கியர்தான். பாரம் காலில் நிற்கும்போது கியர் மாற்றக் கூடாது. அதை எனக்கு அடிபடுமுன் யாரும் சொல்லவில்லை.

அப்பா டொக்யார்டில் கலாசி. எனக்குக் கட்டுப் போட்டிருந்த நாட்களில் என் பக்கத்தில் இருந்து, தான் பதினெட்டு வயதில் கண்டதைச் சொன்னார். 1944 ஓகஸ்ட் 8. பம்பாயில் கட்டிக் கொண்டுவந்த மிதக்கும் தளம், ஏஎஃப்டி 23, எங்கள் துறைமுகத்தில் நின்றது. 50,000 தொன் தூக்கக் கூடியது. பிரித்தானியப் போர்க்கப்பல் வேலியன்ட் அதற்குள் நுழைந்தது. தளத்தின் தொட்டிகளிலிருந்து நீரை இறைத்தால் தளம் உயரும், கப்பலும் சேர்ந்து உயரும். கப்பல் குண்டுகள் இறக்காத முழுப் பாரத்தோடு இருந்தது. எங்கே பாரம் அதிகமோ அதற்கேற்ற வரிசையில் தொட்டிகளை இறைக்கவில்லை. தளத்தின் முனைகள் அளவுக்கு மிஞ்சி வளைந்து, முதுகு முறிந்து, தளம் அமிழ்ந்தது. வேலியன்டின் நடு இரண்டு விசிறிகளும் ஒரு சுக்கானும் சேதமாயின. கொதிகலனில் நீராவி இருந்ததால் கப்பல் தப்பியது. அதற்குப் பிறகு அந்தக் கப்பல் சண்டைக்குத் திரும்பவில்லை.

“தூக்கும் பலம் தளத்துக்கு இருந்தது” என்றார் அப்பா. “ஒரே சீராகத் தூக்கத்தான் தெரியவில்லை.”

இதைக் கேட்ட பிறகுதான் இரண்டு கால்களையும் இணைக்கும் குறுக்குத் தண்டின் அருமை எனக்குப் புரிந்தது. கைபிடி ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். தண்டு மறு பக்கத்துக் காலையும் அதே அளவில் சுழற்றும். எங்கோ கல்லில் இடித்து அந்தத் தண்டு வளைந்தால் சுற்றுவது இருமடங்கு கடினம். கிளீனர் பலமில்லாதவன் என்று திட்டுவார்கள். உண்மையில் தண்டைத்தான் பார்க்க வேண்டும். கழற்றிப் பூட்டும்போது ஒரு கால் மற்றதைவிட நீண்டிருந்தாலும் அப்படித்தான்: முழுப் பாரமும் ஒரு காலில் ஏறும்.

இந்தக் கால்களுக்கு எங்கள் ஊரில் இன்னொரு எதிரி உண்டு. 1980களில் சீனக்குடாவைச் சுற்றி மாவாலையும் சீமெந்து ஆலையும் வந்தபின் கண்டி வீதியில் பெரும் பாரம் ஓடத் தொடங்கியது. உள்நாட்டுச் சண்டை வந்து வீதி மூடுவதும் திறப்பதுமாக இருந்த வருடங்களில் ட்ரெய்லர்கள் மாதக்கணக்கில் காலில் நின்றன. கடலின் உப்புக் காற்று ஒரு பக்கம். சீமெந்துத் தூள் ஒரு பக்கம். தூள் கிறீஸோடு கலந்தால் அரைக்கும் பசையாகிவிடும், திருகுப்புரியைத் தின்னும். பழைய கிறீஸைத் துடைக்காமல் புதிய கிறீஸ் அடிப்பதை நான் கராஜில் அனுமதிப்பதில்லை. துடைத்து, கால் முழுவதையும் இறக்கி ஏற்றி, பிறகு அடித்தால், அன்றைக்கே பதினெட்டு வயதுப் பெடியன் ஒரு கையால் சுற்றுவான்.

இப்போது வரும் பிரைம் மூவர்களில் காற்றுத் தொங்கல் இருக்கிறது. சாரதி பொத்தானை அமுக்கி வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்தி, ட்ரெய்லருக்குக் கீழே நுழைந்து, மீண்டும் உயர்த்தினால் பாரம் காலிலிருந்து வண்டிக்கு மாறிவிடும். கால் வெறுமையாக மேலேறும். முறிந்த மணிக்கட்டுகள் குறைந்திருக்கின்றன. ஆனாலும் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் கால்களைச் சுற்றுபவர்கள் பத்தொன்பது வயதுப் பெடியன்கள்தாம்.

யார்ட் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ட்ரெய்லர் நிற்கும் இடத்தில் கால் படும் இரண்டு இடங்களிலாவது கொங்கிறீற் போடுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு ட்ரெய்லருக்கும் இரண்டு தடித்த பலகை வாங்கிக் கொடுங்கள். கிறீஸ் அடிக்க வாரத்தில் ஒரு மணித்தியாலம் சம்பளத்தோடு விடுங்கள். கைபிடியை ஒரு பெடியனின் கையில் கொடுக்குமுன், பாரம் நிற்கும்போது கியர் மாற்றாதே என்று அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.