மலேசியாவில் வாகனமோட்டும் உரிமம்: லகாட் வட்டாரம்

வாகனமோட்டும் உரிமம் என்பது, குறிப்பிட்ட வகை வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு வேண்டிய வயதும் அறிவும் திறனும் ஒருவருக்கு உண்டென உறுதிசெய்து அரசு வழங்கும் அனுமதியாகும். மலேசியாவில் இதனை வழங்கும் பொறுப்பு, ஜேபிஜே என மக்கள் குறிப்பிடும் சாலைப் போக்குவரத்துத் துறைக்கு உரியது. பேராக் மாநிலத்தின் கிந்தா மாவட்டத்தில், ஈப்போவுக்குத் தென்மேற்கே உள்ள லகாட், லம்பம் எனப்படும் ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த சிற்றூராகும். இவ்வூரிலும் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களிடையிலும் இவ்வுரிமம், வேலைவாய்ப்போடு நேரடித் தொடர்புடைய ஆவணமாக விளங்குகிறது.

சட்டப் பின்னணி

சாலைப் போக்குவரத்துத் துறை 1946 ஏப்ரல் 1ஆம் நாள் மலாயாவில் நிறுவப்பட்டது. 1958ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்து அவசரச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், 1988 முதல் நடைமுறையில் உள்ளது. இச்சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவானது என்பதால், ஈப்போவில் பெற்ற உரிமம் பினாங்கு, லங்காவி தீவுகளிலும், கடல் கடந்த சபா, சரவாக் மாநிலங்களிலும், 1984இல் கூட்டரசுப் பிரதேசமாக்கப்பட்ட லாபுவான் தீவிலும் அப்படியே செல்லுபடியாகும்.

வகுப்புகளும் வயதும்

உரிமங்கள் வாகனத்தின் தன்மைக்கேற்ப வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிளுக்குரிய பி2 வகுப்பை 16 வயதிலும், காருக்குரிய டி வகுப்பை 17 வயதிலும் பெறலாம். டிஏ வகுப்பு, கிளட்ச் மிதி இல்லாத தானியங்கிக் கார்களை மட்டும் ஓட்ட அனுமதிப்பது. டி வகுப்பு உடையவர் இருவகைக் கார்களையும் ஓட்டலாம். சரக்கு லாரி, பேருந்து, டாக்சி போன்றவற்றை ஓட்டித் தொழில் செய்ய விரும்புவோர் அவற்றுக்குரிய தொழில்சார் உரிமத்தையும் தனியே பெற வேண்டும். செயலிவழிப் பயணச் சேவை ஓட்டுநர்களுக்கும் இக்கட்டாயம் 2019 முதல் விதிக்கப்பட்டது.

பெறும் முறை

விண்ணப்பதாரர் முதலில், துறையின் அங்கீகாரம் பெற்ற வாகனமோட்டும் பயிற்சிக் கழகமொன்றில் பதிந்துகொண்டு, சாலை விதிகளையும் பாதுகாப்பையும் கற்பிக்கும் வகுப்பில் பங்கேற்க வேண்டும். அதன்பின் கணினிவழித் தேர்வு நடைபெறும். இதிலுள்ள 50 கேள்விகளில் குறைந்தது 42க்குச் சரியான விடை அளிப்போரே தேர்ச்சி பெறுவர். இத்தேர்வை மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றுடன் தமிழிலும் எழுதலாம் என்பது, தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்ட தோட்டத்து மூத்தோருக்கும் வாய்ப்பைத் திறந்துவைக்கும் ஏற்பாடாகும்.

தேர்ச்சி பெற்றவருக்கு, எல் லைசென்ஸ் எனப்படும் பயிலுநர் உரிமம் வழங்கப்படுகிறது. கார் பயில்வோர் கழகத்தின் வாகனத்தில், தகுதிபெற்ற பயிற்றுநர் உடனிருக்கும்போது மட்டுமே ஓட்டலாம். மோட்டார் சைக்கிள் பயில்வோர் பின்னால் எவரையும் ஏற்றிச் செல்லக்கூடாது. பயிற்சி முடிந்ததும் செய்முறைத் தேர்வு, கழக வளாகத்திலும் பொதுச் சாலையிலும் இரு பகுதிகளாக நடத்தப்படுகிறது. வளாகத் தேர்வில் கார் ஓட்டுபவர், மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னுக்கு நகராமல் கிளப்புதல், குறுகிய இடத்தில் நிறுத்துதல், முன்னும் பின்னுமாக மூன்று அசைவில் திருப்புதல் ஆகியவற்றைச் செய்து காட்ட வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர், ஒடுங்கிய பாலத்தின் மீது சமநிலை தவறாமல் செல்ல வேண்டும்.

இவற்றில் வென்றவர், பி லைசென்ஸ் எனப்படும் தகுதிகாண் உரிமத்தை ஈராண்டுகள் வைத்திருந்து, வாகனத்தில் பி எழுத்து ஒட்டுத்தாளையும் ஒட்ட வேண்டும். போக்குவரத்துக் குற்றங்களைப் புள்ளிகளாகக் கணக்கிடும் கெஜாரா முறையின்படி, இக்காலத்தில் 10 புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் ரத்தாகும். தவறின்றிக் காலத்தை நிறைவுசெய்தோர் முழு உரிமத்துக்குத் தகுதி பெறுவர். முழு உரிமத்தை ஓராண்டு முதல் பத்தாண்டு வரை புதுப்பிக்கலாம்; காருக்கு ஆண்டுக் கட்டணம் 30 வெள்ளி (ரிங்கிட்). மூன்றாண்டுகளுக்கு மேல் காலாவதியான உரிமத்தைப் புதுப்பிக்க இயலாது. மீண்டும் தேர்வெழுத நேரிடும். 2023 பிப்ரவரி முதல் மைஜேபிஜே செயலியில் உள்ள மின்னுரிமமும் ஏற்கப்படுகிறது.

தோட்டக் குடும்பங்களும் உரிமமும்

தோட்ட வாழ்க்கையில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயமும் வேலைக்காடும் அருகருகே இருந்தன. பெரட்டு எனப்படும் விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்கும், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்கும் தொழிலாளர் நடந்தோ சைக்கிளிலோ சென்று வந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபின், தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய பிள்ளைகள் மெங்லெம்பு, ஈப்போ, பத்து காஜா ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் நேரமுறை வேலைக்குச் செல்ல வேண்டியதாயிற்று. பேருந்து கிடைக்காத வேளைகளில் மோட்டார் சைக்கிளே அவர்களது போக்குவரத்தாக அமைவதால், பி2 உரிமமே பெரும்பாலோர் முதலில் பெறுவதாகும்.

அரசுக் கட்டணத்தைவிடப் பயிற்சிக் கழகக் கட்டணம் பன்மடங்கு மிகுதி என்பதே, எளிய குடும்பங்கள் உரிமம் எடுப்பதைத் தள்ளிப்போடுவதற்கு முதன்மைக் காரணம். இதனைத் தணிக்க, குறைந்த வருமானக் குடும்பத்து இளையோருக்கு பி2 உரிமத்தை இலவசமாகப் பெற்றுத்தரும் மைலெசன் திட்டத்தை அரசு 2022இல் தொடங்கியது.

உரிமமின்றி ஓட்டுவோருக்கு 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதனினும் பெரிய இழப்பு விபத்துக்குப் பின் நேரும்: உரிமமற்றவர் ஓட்டிய வண்டிக்கான இழப்பீட்டைக் காப்புறுதி நிறுவனம் மறுக்கலாம் என்பதால், சிகிச்சையும் பழுதுபார்ப்பும் முழுச் சுமையாகக் குடும்பத்தின் மீதே விழும். எனவே 16 வயது நிறைந்த பிள்ளை வண்டியைத் தொடும் முன்பே உரிமத்துக்குப் பதிந்துகொள்ளச் செய்வது பெற்றோரின் கடமையாகும்.