முற்றும் போட அனுமதி இல்லை

ஒரு முரட்டுப் பையன். மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறான். எதிரே இன்னும் எவ்வளவோ தூரம் பாக்கி. படத்தின் மேல் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: மிகான். ஜப்பானிய மொழியில் 'முற்றுப்பெறவில்லை' என்று அர்த்தம். அதோடு கதை குளோஸ்.

வருடம் 1985. பத்திரிகை, ஷோனென் ஜம்ப். கதை, 'ஒடோகோஸாகா'. எழுதி வரைந்தவர் மசாமி குருமாடா. கற்றுக்குட்டி ஒன்றும் இல்லை. அதே பத்திரிகையில் குத்துச்சண்டைக் கதை வரைந்து பையன்களைக் கட்டிப்போட்டவர். இந்த ஒரு கதையை வரைவதற்காகத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தோம் என்கிற அளவுக்குக் கனவோடு ஆரம்பித்தார். என்ன பிரயோஜனம்? வாசகர்கள் ஓட்டுப் போடவில்லை. மூன்று புத்தக அளவு வந்ததும் நிறுத்து என்றார்கள். நிறுத்தினார். ஆனால் 'முற்றும்' போட மனசு வரவில்லை. 'முற்றுப்பெறவில்லை' என்று பெரிதாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். விட்ட இடத்திலிருந்து அந்தக் கதையைத் தொடர 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டில் ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கிற பிள்ளை யாராவது இருந்தால் இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பீர்கள். 'ஆரம்பம் செம. போகப் போக சொதப்பிட்டாங்க.' ஒரு தொடரைப் பற்றி மட்டும் என்றால் விட்டுவிடலாம். பத்தில் ஏழு தொடருக்கு இதையேதான் சொல்வார்கள். உலகத்திலேயே அட்டகாசமாகக் கதை தொடங்கத் தெரிந்த ஓர் ஊரில், முடிக்க மட்டும் ஏன் இப்படித் திணறுகிறார்கள்? சோம்பேறித்தனமா? சரக்கு இல்லையா? கொஞ்சம் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம், வாருங்கள்.

மங்கா என்றால் ஜப்பானியச் சித்திரக்கதை. அதுவே திரையில் அசைந்தால் அனிமே. பெரும்பாலான அனிமேவுக்கு மூலம் ஏதோ ஒரு பத்திரிகையில் வந்த மங்காதான். ஆகவே, கோளாறைத் தேடுகிறவர்கள் பத்திரிகை ஆபீஸிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1968. ஷூயெய்ஷா என்கிற பதிப்பகம் பையன்களுக்காக ஷோனென் ஜம்ப்பை ஆரம்பிக்கிறது. ஆரம்பித்த நேரம் சரியில்லை. ஷோனென் மேகஸின், ஷோனென் சண்டே என்று இரண்டு பத்திரிகைகள் 1959லிருந்தே மார்க்கெட்டில் உட்கார்ந்திருந்தன. பேர் வாங்கிய ஓவியர்கள் எல்லாரும் அந்தப் பக்கம். ஜம்ப்புக்குக் கிடைத்தது புதுப் பையன்கள்தான். சரி, புதுப் பையன்களை வைத்தே கடை நடத்துவோம் என்று முடிவு செய்தார்கள். ஆனால், எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எப்படித் தெரியும்?

வாசகனையே கேட்டுவிட வேண்டியதுதான். ஒவ்வோர் இதழிலும் ஒரு தபால் அட்டை. இந்த வாரம் பிடித்த கதைகள் மூன்றை எழுதி அனுப்பு. வந்து குவிகிற அட்டைகளை எண்ணுவார்கள். ஓட்டு அதிகமென்றால் கதை பத்திரிகையின் முன் பக்கங்களில் வரும். குறையக் குறையப் பின்னால் போகும். கடைசிப் பக்கங்களுக்குப் போய்விட்டால் ஆபத்து. புதுத் தொடர் என்றால் ஏறக்குறைய பத்து வாரம்தான் கெடு. அதற்குள் தேறாவிட்டால் 'உச்சிகிரி'. அதாவது, வெட்டி நிறுத்துவது.

ஈவிரக்கமில்லாத ஏற்பாடு. ஆனால், வியாபாரமாகப் பார்த்தால், சும்மா சொல்லக்கூடாது, அபாரம். 1973ல் ஜம்ப் முதலிடத்துக்கு வந்தது. 1994ன் கடைசியில் ஒரே இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சாகியது. அன்றைக்கு ஜப்பானின் மொத்த ஜனத்தொகையே பன்னிரண்டரைக் கோடிதான்.

இப்போது அந்தத் தபால் அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது என்ன கேட்கிறது? 'இந்த வாரம் எது பிடித்தது?' அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து இந்தக் கதை எங்கே போய் நிற்கும் என்று அட்டை கேட்பதில்லை. ஆகவே ஓவியனும் அதைப் பற்றிக் கவலைப்பட முடியாது. பத்து வாரம் தாண்டுவோமா என்றே தெரியாதவன் முந்நூறாவது அத்தியாயத்தை யோசித்து வைப்பானா? தன்னிடம் இருக்கிற நல்ல சரக்கு மொத்தத்தையும் முதல் மூன்று அத்தியாயங்களில் கொட்டிவிடுவான். ஆரம்பம் அட்டகாசமாக இருப்பதன் ரகசியம் அதுதான். பின்னால் தடுமாறுவதன் ரகசியமும் அதுவேதான்.

தேறாதவன் கதை உச்சிகிரி. தேறியவன் கதை இன்னும் வேடிக்கை. அவனை நிறுத்த விடமாட்டார்கள்.

அகிரா டோரியாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1980ல் 'டாக்டர் ஸ்லம்ப்' என்றொரு நகைச்சுவைத் தொடர் ஆரம்பித்தார். பிரமாதமாக ஓடியது. கொஞ்ச காலத்தில் அவருக்கே அலுத்துவிட்டது. முடித்துக்கொள்கிறேன் என்றார். ஆசிரியர் குழுவில் அவரைக் கவனித்துக்கொண்ட கசுஹிகோ டோரிஷிமா போட்ட நிபந்தனை: தாராளமாக முடி, மூன்று மாதத்தில் அடுத்த தொடர் வேண்டும். அப்படி 1984ல் பிறந்ததுதான் 'டிராகன் பால்'.

சீனத்துக் குரங்கு ராஜா கதையின் சாயலில் ஜாலியான பயணக் கதையாகத்தான் அது தொடங்கியது. ஓட்டு சரிந்தது. உடனே, மேலும் மேலும் பலசாலியாகிற பையன், தற்காப்புக் கலைப் போட்டி என்று வண்டியைத் திருப்பினார்கள். ஓட்டு எகிறியது. அதற்குப் பிறகு சண்டை, சண்டை, சண்டைதான்.

1990களின் தொடக்கத்தில் நடந்த கூத்து இது. எதிர்காலத்திலிருந்து ட்ரங்க்ஸ் என்ற இளைஞன் வந்து, 'இரண்டு பயங்கர எந்திர மனிதர்கள் வரப்போகிறார்கள்' என்று எச்சரித்துவிட்டுப் போகிறான். வந்தார்கள். ஒருவன் கிழவன், இன்னொருவன் குண்டன். டோரிஷிமா அப்போது டிராகன் பாலைக் கவனிக்கவில்லை, வேறு பொறுப்புக்குப் போய்விட்டார். ஆனாலும் போன் அடித்தார். என்னய்யா இது, ஒரு கிழவனும் குண்டனுமா வில்லன்? டோரியாமா இரண்டு இளைஞர்களைக் கொண்டுவந்தார். இப்போது சின்னப் பசங்களா என்று அடுத்த அதிருப்தி. சரி என்று செல் என்கிற பூச்சி போன்ற ஓர் அரக்கனை இறக்கினார். இவனும் அசிங்கமாக இருக்கிறானே, உருவம் மாறுவானா என்று கேட்டார் அப்போதைய பொறுப்பாசிரியர். மாறினான். மாறிய உருவமும் பிடிக்கவில்லை. இன்னொரு முறை மாறினான்.

இத்தனையையும் கதைக்குள் சமாளிக்க வேண்டுமே? கிழவனையும் குண்டனையும் பார்த்த ட்ரங்க்ஸ், 'இவர்கள் நான் சொன்னவர்கள் இல்லையே' என்று கதைக்குள்ளேயே முழிக்கிறான். எழுதுகிறவரின் முழி அது. டோரியாமா மேதை. அதனால் அந்த ஒட்டுத் தையல் வெளியே தெரியாமல் தப்பித்தது. அந்தக் கை இல்லாதவர்கள் அதே மாதிரி தைக்கப் போய்த்தான் எத்தனையோ தொடர்கள் நாறின.

1995ல் ஒருவழியாக டிராகன் பாலை முடித்தார். 519 அத்தியாயங்கள். தொலைக்காட்சிக்காரர்கள் மட்டும் விடுவதாக இல்லை. அவர் எழுதாத கதையை வைத்து 1996ல் 'டிராகன் பால் ஜிடி' என்று ஒன்றை ஓட்டினார்கள். 64 பகுதிகளோடு 1997ல் நின்றது. அதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை.

யோஷிஹிரோ டோகாஷியின் கதை சிரிக்கிற கதை இல்லை.

1990ல் ஜம்ப்பில் 'யூ யூ ஹகுஷோ' ஆரம்பித்தார். செத்துப்போன ஒரு போக்கிரிப் பையன் திரும்பி வந்து துப்பறிகிற கதை. டிராகன் பால் புகழின் உச்சியில் இருந்த அதே இதழில் அதற்குப் பக்கத்தில் நின்று ஜெயித்தது. வாரா வாரம் ஏறக்குறைய இருபது பக்கம். ஒரு வாரம் தவறாமல் வரைந்து பார்த்தால்தான் தெரியும் அந்த வலி. தூக்கம் இல்லை, உடம்பு கெட்டது, நெஞ்சு வலி வந்தது. நான்காவது வருடம், 1994ல், கடையை மூடிவிட்டார்.

மூடிய விதம்தான் விஷயம். அரக்கர் உலகத்தின் பெரிய பெரிய தலைகள் எல்லாரையும் வரிசையாக அறிமுகப்படுத்தி, ஒரு மாபெரும் போட்டிக்கு நாள் குறிக்கிறார். வாசகன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். ம்ஹூம். போட்டி கிட்டத்தட்ட முழுசாகக் காணோம். யார் ஜெயித்தார்கள் என்பது போகிற போக்கில் ஒரு தகவலாக வருகிறது. வாசகர்கள் கடுப்பானார்கள். எழுத்து என்று பார்த்தால் படுமோசமான முடிவுதான், சந்தேகமே இல்லை. ஆனால் பிறகு அவரே சொந்தச் செலவில் போட்ட ஒரு சின்ன வெளியீட்டில் காரணத்தைச் சொல்லியிருந்தார். தூக்கமில்லாத இரவுகளும் கெட்டுப்போன உடம்பும் தனக்காக வரைய முடியாத ஏக்கமும்தான் காரணம். பலவீனமான எழுத்து என்று நாம் சொல்வது சில சமயம் பலவீனமான உடம்பாகவும் இருந்திருக்கிறது.

இதற்காக எல்லாப் பாவத்தையும் ஏற்பாட்டின் தலையில் கட்டிவிட முடியாது. 'டெத் நோட்' இருக்கிறதே. ட்சுகுமி ஓபா எழுத, தகேஷி ஒபாடா வரைந்தது. பெயர் எழுதினால் ஆள் செத்துப்போகிற நோட்டு ஒன்று ஒரு புத்திசாலி மாணவன் கையில் கிடைக்கிறது. அவனைப் பிடிக்க எல் என்கிற துப்பறிவாளன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மூளையால் மோதுகிற கட்டங்கள் போல் சித்திரக்கதை உலகத்தில் அதிகம் கிடையாது. மொத்தம் 108 அத்தியாயங்கள். 58வது அத்தியாயத்தில் எல் செத்துவிடுகிறான். (இத்தனை வருடம் கழித்தும் பார்க்காதவர்கள் என்னைத் திட்ட வேண்டாம்.) தராசில் ஒரு தட்டு போய்விட்டது. அந்த இடத்தில் நியர், மெல்லோ என்று இரண்டு பேரை வைத்தார்கள். இரண்டு பேரைச் சேர்த்து நிறுத்தினாலும் எல்லின் பாதி எடை இல்லை. எல்லை அவ்வளவு சீக்கிரம் கொன்றது துணிச்சல். அடுத்த ஐம்பது அத்தியாயங்களுக்கு அவனுக்கு ஈடாக ஒருவனை உருவாக்காதது எழுதியவரின் குறை. அனிமே எடுத்தவர்களுக்கும் இது புரிந்திருக்க வேண்டும். 37 பகுதிகளில் எல் இறப்பது 25ல். மிச்சக் கதை முழுவதையும் பன்னிரண்டே பகுதிகளில் ஓட்டமாக ஓட்டி முடித்துவிட்டார்கள்.

அனிமேவுக்கு என்றே தனியாக ஒரு வியாதி உண்டு. பத்திரிகையில் கதை வளர்கிற வேகத்தைவிடத் திரையில் அது செலவாகிற வேகம் அதிகம். 'நருடோ'வில் இதுதான் ஆனது. 135 பகுதிகளில் கையிருப்புக் கதை தீர்ந்துவிட்டது. மங்கா முன்னே போகட்டும் என்று காத்திருக்கிற நேரத்தில் கடையையும் மூட முடியாது. 2007 வரை எண்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள் வெறும் சாதத்தில் தண்ணீர் ஊற்றிய மாதிரி ஓடின.

பிற்பாடு சீசன் சீசனாக எடுக்கும் வழக்கம் பரவி, இந்த வியாதி குறைந்தது. நேர் எதிரான வியாதி வந்தது. 'தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்' என்றொரு கதை. கையூ ஷிராய் எழுதி, பொசுகா டெமிசு வரைந்தது. அனாதை இல்லத்துக் குழந்தைகள், தாங்கள் அரக்கர்களுக்கு உணவாக வளர்க்கப்படுகிறோம் என்று கண்டுபிடிக்கிறார்கள். 2019ல் முதல் சீசன். 181 அத்தியாயங்களில் முதல் 37ஐ மட்டும் பன்னிரண்டு பகுதிகளில் நிதானமாகச் சொன்னது. பார்த்தவர்கள் உறைந்துபோனார்கள். 2021ல் இரண்டாவது சீசன். மிச்சம் 144 அத்தியாயங்கள், கையில் இருப்பதோ பதினொரு பகுதிகள். வாசகர்கள் கொண்டாடிய 'கோல்டி பாண்ட்' கட்டம் மொத்தமாகப் போச்சு. யூகோ என்கிற முக்கியப் பாத்திரமே இல்லை. கடைசியில், கதையின் பெரும் பகுதியைக் கல்யாண ஆல்பம் புரட்டுகிற மாதிரி அசையாத படங்களாகக் காட்டி முடித்தார்கள். இதில் வேதனை, அந்த சீசனின் கதை அமைப்பில் மூல ஆசிரியர் ஷிராய்க்கும் பங்கு இருந்தது.

நன்றாக முடித்தவர்களே இல்லையா? உண்டு. ஹிரோமு அரகாவா. ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்துப் பெண். அவருடைய 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' வந்தது வாரப் பத்திரிகையில் அல்ல, மாதப் பத்திரிகையில். மூச்சு விட நேரம் இருந்தது. 2003ல் அனிமேக்காரர்கள் வந்தபோது மங்கா பாதிகூட வரவில்லை. நீங்கள் உங்கள் வழியில் முடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். அவர்களும் வேறு கதையாக, மோசமில்லாமல் முடித்தார்கள். 2009ல் மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். மங்காவின் கடைசி அத்தியாயம் 2010 ஜூனில் வந்தது. அனிமேவின் கடைசிப் பகுதி ஜூலை 4. இடைவெளி ஒரு மாதம்கூட இல்லை. அதுவும் 108 அத்தியாயங்கள்தான். டெத் நோட்டை நினைத்துப் பெருமூச்சு விடலாம்.

வார நெருக்கடிக்குள்ளேயே நின்று அழகாக முடித்தவர் தகேஹிகோ இனோவே. 'ஸ்லாம் டங்க்', கூடைப்பந்துக் கதை. மிக வலிமையான எதிரணியை நாயகர்கள் ஜெயிக்கிற ஆட்டத்தோடு 1996ல் நிறுத்திவிட்டார். அடுத்த ஆட்டத்தில் தோற்றார்கள் என்பதை ஒரு வரியில் சொல்லியாகிவிட்டது. இதற்கு மேல் இழுத்தால் கதை கெடும் என்று தெரிந்த கை.

கணக்குப் புத்தகம் என்ன சொல்கிறது? 1995ல் டிராகன் பால் முடிந்தது, 1996ல் ஸ்லாம் டங்க் முடிந்தது. 1997ல் ஜம்ப் முதலிடத்தை ஷோனென் மேகஸினிடம் பறிகொடுத்தது. ஒரு நல்ல 'முற்றும்' எவ்வளவு விலை பெறும் என்பதை ஷூயெய்ஷா கணக்காளர்கள் அன்றைக்குக் கற்றுக்கொண்டிருப்பார்கள். ஓடுகிற குதிரையை நிறுத்த எந்த முதலாளிக்கு மனசு வரும்?

டோகாஷி 1998ல் ஜம்ப்புக்கே திரும்பி வந்து 'ஹன்டர் x ஹன்டர்' தொடங்கினார். இந்த முறை அவர் அவசரப்படவில்லை. முதுகு வலி நாற்காலியில் உட்காரவே விடவில்லை. பல மாதங்கள், சில சமயம் வருடங்கள் இடைவெளி. 2018 நவம்பரில் நின்றது 2022 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. அந்த வருடக் கடைசியில் ஜம்ப் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இனி இந்தக் கதை வாரா வாரம் வராது. வருகிறபோது வரும். தபால் அட்டையை எண்ணியே வளர்ந்த பத்திரிகை, ஒரு மனிதருடைய முதுகெலும்புக்காக விதியைத் தளர்த்தியது.

2023ல் ஜப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு டோகாஷி எழுதி அனுப்பினார். கதைக்கு ஏ, பி, சி என்று மூன்று முடிவுகள் யோசித்து வைத்திருக்கிறாராம். அவற்றைச் சொல்லவில்லை. வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த நான்காவது முடிவை மட்டும் விவரமாக எழுதியிருந்தார். கதை முடிவதற்குள் தான் செத்துவிட்டால் அதையே முடிவாக வைத்துக்கொள்ளும்படி கேட்டிருந்தார்.