தேய்ந்த பொறிக்கு மருந்துண்டோ?

சங்க காலத்து உமணர் உப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேடும் பள்ளமும் கடந்து சென்றனர். போகும் வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று எண்ணிய அவர்கள், மாற்று அச்சு ஒன்றையும் வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர். அதனைச் ‘சேம அச்சு’ எனப் புறநானூறு குறிக்கிறது. பொகுட்டெழினியைப் பாடவந்த ஔவையார் அவனை இந்தச் சேம அச்சுக்கே ஒப்பிட்டார். சுழல்வது தேயும், தேய்ந்தது ஒருநாள் முறியும், முறிந்ததற்கு மாற்று வேண்டும் என்பதைச் சகடம் ஓட்டிய நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

தேய்வைத் தள்ளிப்போடும் வழியையும் நம்மவர் அறிவர். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சுக்கு மசகு இடுவது தமிழகச் சிற்றூர்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். மசகு அச்சைக் காக்கும். சேம அச்சு முறிந்த அச்சின் இடத்தைப் பெறும். இவை இருவேறு தொழில்கள். ஒன்றின் தொழிலை மற்றொன்றிடம் எதிர்பார்ப்பதனால் விளையும் மயக்கமே இக்கட்டுரையின் பொருள்.

ஜொகூர் பாருவிலிருந்து கூலாய் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர் செனாய். ரப்பர்த் தோட்டங்களால் வளர்ந்த இவ்வட்டாரத்தில் 1974இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. இவ்வூரில் ஒருவர் தம் தந்தையார் ஓட்டிய மோரிஸ் மைனர் மகிழுந்தைப் பேணி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1948 முதல் 1971 வரை உருவான அவ்வகை வண்டி, பத்து இலட்சத்தைத் தாண்டி விற்பனையான முதல் பிரிட்டிஷ் மகிழுந்து என்னும் பெருமைக்குரியது. வண்டி இன்று நீலப் புகை கக்குகிறது. சூடேறினால் எண்ணெய் அழுத்த விளக்கு கண் சிமிட்டுகிறது. எஞ்சினை முழுதும் பிரித்துச் செப்பனிட ஆயிரக்கணக்கான வெள்ளி வேண்டும். கடையிலோ சில பத்து வெள்ளிக்கு ஒரு குப்பி கிடைக்கிறது. எண்ணெயுடன் ஊற்றினால் தேய்ந்த எஞ்சின் புத்துயிர் பெறும் என்கிறது அதன் மேலுறை. தந்தையின் நினைவு ஒருபுறம், கைப்பொருளின் எல்லை மறுபுறம். அவர் எதனை நம்புவது? இவ்வினாவுக்கு வரலாறு விடை தருகிறது.

எண்ணெய் கடந்து வந்த பாதை

எண்ணெய் எவ்வாறு காக்கிறது என்பதை அறிவியல் உணர்ந்தது பிற்காலத்தில்தான். 1880களில் இங்கிலாந்தில் பியூஷாம்ப் டவர் என்பவர் புகைவண்டி அச்சுத் தாங்கிகளை ஆராய்ந்தார். சுழலும் அச்சே எண்ணெயைத் தன் கீழ் இழுத்து, பெரும் அழுத்தமுள்ள படலத்தை உண்டாக்கி அதன்மேல் மிதப்பதை அவர் கண்டார். 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் தந்தார். படலம் நிலைத்திருக்கும்வரை இரும்பு இரும்பைத் தொடுவதில்லை, தொடாதது தேய்வதில்லை.

தொடக்க கால மகிழுந்துகளுக்கும் வானூர்திகளுக்கும் நம் ஆமணக்கு எண்ணெய் பெரிதும் உதவியது. காஸ்ட்ரால் என்னும் வணிகப் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது. ஆயினும் தாவர எண்ணெய் சூட்டில் பிசினாகிப் படியும் குறையுடையது. ஆதலின் மண்ணெடுத்த கனிம எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது. சப்பானியர் ஆட்சிக் காலத்தில், அதாவது 1942 முதல் 1945 வரை, மலாயாவுக்கு வரும் எண்ணெய் அருகியது. அப்போது கரி வாயுவால் வண்டிகள் ஓடின. ரப்பரைக் காய்ச்சி வடித்து எரிபொருள் எடுத்தனர். செம்பனை எண்ணெயும் பொறிகளுக்குப் பயன்பட்டது. நல்ல மசகு எண்ணெயின் அருமையை அந்த இல்லாமை இந்நாட்டுக்கு உணர்த்தியது எனலாம்.

துத்தநாகத்தின் கதை

வெறும் கனிம எண்ணெய் போதாது என்பதும் அக்காலத்தே தெளிவாயிற்று. பிஸ்டன் வளையங்கள் கசடேறி ஒட்டிக்கொள்வதைத் தடுக்க, 1930களில் அழுக்கு நீக்கும் துணைப்பொருள்கள் எண்ணெயில் கலக்கப்பட்டன. 1940களில் துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் அடங்கிய ஒரு கூட்டுப்பொருள் வந்தது. பேரிங்குகளை அரிப்பினின்றும் காக்கவே அதனை முதலில் சேர்த்தனர். அது தேய்வையும் தடுக்கிறது என்பது பின்னரே புலனாயிற்று.

எஞ்சினில் எல்லா இடத்திலும் எண்ணெய்ப் படலம் நிலைப்பதில்லை. கேம் தண்டின் முனைப்பு டாப்பெட்டின்மேல் உராயும் இடத்தில் அழுத்தம் மிகுதி. படலம் அங்கே கிழியும். அவ்விடத்தில் இக்கூட்டுப்பொருள் சூட்டாலும் உராய்வாலும் சிதைந்து, கண்ணாடி போன்ற மெல்லிய காப்பை இரும்பின்மேல் படிய வைக்கிறது. அக்காப்பு தான் தேய்ந்து இரும்பைக் காக்கிறது. தேயத் தேய எண்ணெயிலிருந்து மீண்டும் படிகிறது.

ஆனால் பாஸ்பரஸ் எரிந்து புகையுடன் வெளியேறும்போது, புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கிக் கருவியைக் கெடுக்கிறது. அமெரிக்க மகிழுந்துகளில் 1975 முதல் அக்கருவி பரவியது. எனவே எண்ணெயில் பாஸ்பரசின் அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 2004இல் வந்த ‘எஸ்.எம்.’ தரத்தில், மென்மையான வகை எண்ணெய்களுக்கு நூற்றில் 0.08 பங்கு என்பதே மேல் எல்லையாயிற்று. உருளைத் தாங்கி பொருத்திய புதிய எஞ்சின்களுக்கு அது போதும். உராயும் டாப்பெட் கொண்ட பழைய எஞ்சின்களின் உரிமையாளர்களுக்கோ கவலை பிறந்தது. அவர்கள் துத்தநாகச் சேர்க்கையைத் தேடுவதற்கு இவ்வாறு ஓர் உண்மையான காரணம் உண்டு.

விளம்பரமும் தீர்ப்பும்

காரணமற்ற நம்பிக்கைகளும் உடன் வளர்ந்தன. எஸ்.டி.பி. நிறுவனம், தன் எண்ணெய்ச் சேர்க்கையின் விளம்பரம் தொடர்பாக 1978இல் அமெரிக்கக் கூட்டரசு வாணிப ஆணையத்திடம் ஐந்து இலட்சம் டாலர் தண்டம் செலுத்த இசைந்தது. வழுவழுப்பான டெஃப்லான் துகளை எண்ணெயில் கலந்து விற்ற ஸ்லிக் 50 மீதும் அவ்வாணையம் 1996இல் குற்றம் சாட்டியது. எஞ்சின் தேய்வைப் பற்றிய அதன் கூற்றுகளுக்குப் போதிய சான்றில்லை என்பதே குற்றச்சாட்டு. 1997இல் அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது.

குப்பியின் வாக்குறுதியை எளிய கணக்கொன்றால் நாமே எடைபோடலாம். துத்தநாகக் காப்பின் தடிப்பு ஏறத்தாழ மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சிலிண்டர் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்திருப்பின், தேய்வு அக்காப்பைப்போல் ஆயிரம் மடங்காகும். அதனை எந்தக் குப்பி நிரப்பும்? எண்ணெயைத் தடிப்பாக்கும் சேர்க்கைகள் புகையைச் சற்றுக் குறைக்கலாம். அழுத்த விளக்கை அணைக்கவும் கூடும். இடைவெளியோ இருந்தபடியே இருக்கும். நோய் நீங்கவில்லை, அதன் குறி மறைந்தது, அவ்வளவே.

இதனால் சேர்க்கைகள் எல்லாம் பொய் என்பது பொருளன்று. கசடேறி ஒட்டிய வளையத்தை அழுக்கு நீக்கி விடுவிக்கலாம். இறுகிப்போன ரப்பர் அடைப்பைச் சில பொருள்கள் நெகிழ்த்தி ஒழுக்கைக் குறைக்கலாம். இவ்விரண்டிலும் இரும்பு இழக்கப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

செனாய் அன்பருக்கு விடை

ஆகவே அவர் முதலில் செய்யத்தக்கது சோதனை. ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றழுத்தத்தை அளக்கவேண்டும். பின்னர் ஒரு சிறு கரண்டி எண்ணெயை உள்ளே விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அழுத்தம் நன்கு உயர்ந்தால் வளையமோ சிலிண்டரோ பழுது. உயராவிடில் வால்வுகளை ஐயுறலாம். சிலிண்டர் தேய்ந்திருப்பின் அதனைக் கடைந்து, அளவில் பெரிய பிஸ்டன் பொருத்துவதே வழி. பேரிங் தேய்ந்திருப்பின் புதியது இடவேண்டும். செப்பனிட்ட பிறகு, பழைய எஞ்சின்களுக்கென்றே துத்தநாகம் தக்க அளவில் கலந்து வரும் எண்ணெயை ஊற்றிக் காலம் தவறாது மாற்றி வரலாம். அத்தகைய எண்ணெயில் மேலும் ஒரு குப்பியைக் கொட்டுதல் வேண்டா. அப்பொருள் அளவு மீறினால் இரும்பையே அரிக்கும்.

செப்பனிடப் பொருள் போதாதெனின், குப்பிகளுக்குச் செலவிடும் வெள்ளியைச் சேர்த்து வைத்து, அதுவரை வண்டியை மெல்ல ஓட்டுவது நன்று.

தமிழ் பயிற்றும் ஆசிரியர்க்கும் பயிலும் மாணவர்க்கும் இக்கதையில் பங்குண்டு. விளம்பரம் எதுவாயினும் அதன் வினைச்சொல்லை நோக்குக. ‘காக்கும்’ என்றால் சான்று கேட்டு ஏற்கலாம். ‘மீட்கும்’ என்றால் இழந்த இரும்பு எங்கிருந்து வரும் என்று கேட்கவேண்டும். மசகையும் சேம அச்சையும் உமணர் ஒன்றெனக் கருதியதில்லை. கருதியிருப்பின் உப்பு ஊர் சேர்ந்திராது.