ஒரு கையெழுத்து, ஒரு கொத்து முடி: டிக்கன்ஸைத் துரத்திய ரசிகர்கள்

1842, ஏப்ரல் மாதம். அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கிளீவ்லாந்து நகரம். திங்கட்கிழமை காலை ஆறு மணி. துறையில் நின்றுகொண்டிருந்த ஒரு நீராவிக் கப்பலுக்குள் ஊர் மக்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். நேராக ஒரு சின்ன அறைக்கு முன்னால் போய் நின்று, கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒருவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

எட்டிப் பார்த்தவர்கள் திருடர்கள் இல்லை. எதிரிகளும் இல்லை. அத்தனை பேரும் ரசிகர்கள்! உள்ளே இருந்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். வயது 30.

இன்று ஒரு நடிகரையோ கிரிக்கெட் வீரரையோ விமான நிலையத்தில் கண்டதும் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கூட்டத்தைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாகரிகமே இல்லை" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. உண்மையில் இது இந்தக் காலத்து வியாதி இல்லை. போட்டோவே சரியாகப் பரவாத காலத்தில், பேனாவும் மையும் மட்டும் இருந்தபோதே இது உச்சத்தில் இருந்தது. அதைவிட முக்கியமான ஒன்று: அப்படி நடந்துகொண்ட அதே தேசம், பிறகு கொஞ்சம் திருந்தவும் செய்தது. டிக்கன்ஸின் இரண்டு அமெரிக்கப் பயணங்களும் இதற்குச் சாட்சி.

முதலில் கையெழுத்து எப்படி வந்தது?

பிடித்தவர்களிடம் கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் மாணவர்களிடம்தான் பரவியது. ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் மார்ட்டின் லூதர், மெலாங்க்தன் போன்ற ஆசிரியர்களிடம் ஒரு வரி எழுதி வாங்கி, புத்தகத்தில் பாதுகாத்தார்கள். பிறகு இதற்கென்றே தனி நோட்டு வந்தது. லத்தீனில் இதற்கு 'நண்பர்களின் ஏடு' என்று பொருள்படும் பெயர். பள்ளிக்கூடத்துக் கடைசி நாளில் வகுப்பு முழுக்கச் சுற்றி வருகிற ஆட்டோகிராப் நோட்டு இருக்கிறதே, அதற்கு இது கொள்ளுத்தாத்தா முறை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நோட்டில் எழுதியவரும் எழுதச் சொன்னவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கையெழுத்து என்பது பழக்கத்தின் அடையாளம். 19ஆம் நூற்றாண்டில் இது தலைகீழானது. அச்சு இயந்திரமும் ரயிலும் நீராவிக் கப்பலும் வந்தபின், ஒருவரை லட்சம் பேர் அறிந்திருந்தார்கள். அவருக்கோ அந்த லட்சத்தில் ஒருவரையும் தெரியாது. ஆனாலும் வாசகருக்கு அவர் பழகிய நண்பர் மாதிரி. சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

மாலை மரியாதையோடு தொடங்கியது

1842 ஜனவரியில் டிக்கன்ஸ் மனைவி கேதரினுடன் பாஸ்டன் நகரில் வந்து இறங்கினார். அவருடைய நாவல்கள் அங்கே வீட்டுக்கு வீடு வாசிக்கப்பட்டன. பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கின் பார்க் தியேட்டரில் அவருக்காக ஒரு பிரம்மாண்ட நடன விழா நடந்தது. ஏறத்தாழ 3,000 பேர் கூடினார்கள். ஆட இடம் இல்லை, நிற்கவே இடம் இல்லை!

வரவேற்பு எல்லாம் சரிதான். ஆனால் அது நிற்கவில்லை. தெருவில் நடந்தால் பின்னாலேயே கூட்டம். ரயிலில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக முகங்கள். தண்ணீர் குடிக்க வாயைத் திறந்தால்கூட நூறு பேர் தொண்டைக்குள் பார்க்கிறார்கள் என்ற பொருளில் தன் நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு எழுதிப் புலம்பினார். கையெழுத்துக் கேட்டு வந்த கடிதங்களைச் சமாளிக்க முடியாமல் ஜார்ஜ் புட்னம் என்ற இளைஞரைச் செயலாளராக வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சிலர் கையெழுத்தோடு நிற்காமல் தலைமுடியில் ஒரு கொத்து கேட்டார்கள். கொடுக்க ஆரம்பித்தால் சீக்கிரமே மொட்டையாகிவிடுவேன் என்ற மாதிரி வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்தார்.

பிலடெல்பியாவில் நடந்தது இன்னும் மோசம். சிலரை மட்டும் சந்திக்க அவர் ஒப்புக்கொண்டிருந்தார். உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் அதை, டிக்கன்ஸ் பொதுமக்கள் எல்லோருக்கும் கைகொடுப்பார் என்பது போலப் பத்திரிகையில் அறிவித்துவிட்டார். மறுநாள் விடுதி வாசலில் நூற்றுக்கணக்கானோர். மறுத்தால் கலவரமாகிவிடும் என்று விடுதிக்காரர் பயமுறுத்தினார். வேறு வழியில்லாமல் அவர் மணிக்கணக்கில் நின்று கைகொடுத்தார். 'சரி' என்று ஒருவர் சொன்ன ஒரு சின்ன வார்த்தையை இழுத்துப் பெரிதாக்கி, அவரையே அதற்குள் கட்டிப்போடுவது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அதன் பிறகுதான் கிளீவ்லாந்து. அங்கே அவருக்குக் கோபம் வந்தது. கப்பலுக்கு வந்த நகர மேயரைக்கூடப் பார்க்க மறுத்துவிட்டார். இங்கிலாந்துக்கு எதிராகப் போர் பேசிய ஓர் உள்ளூர்ப் பத்திரிகைக் கட்டுரையும் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம். மேயர் கொஞ்சமும் அசரவில்லை. துறைமேடையில் போய் உட்கார்ந்து, மூடிய அறைக்கதவையே பார்த்தபடி ஒரு பெரிய குச்சியைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தாராம். கப்பல் கிளம்புவதற்குள் குச்சி துண்டாய்த் தேய்ந்துபோயிற்று என்று டிக்கன்ஸ் எழுதினார்.

காசில்லாத அன்பு

இந்தக் கதையில் ஒரு கணக்கு வழக்கும் உண்டு. அப்போது அமெரிக்காவில் வெளிநாட்டு எழுத்தாளர்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. டிக்கன்ஸின் நாவல் லண்டனிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்ததும், அமெரிக்கப் பதிப்பாளர்கள் அவருக்கு உரிய ராயல்டி இல்லாமலே அச்சடித்து மலிவு விலையில் விற்றார்கள். அந்த மலிவுதான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதும் உண்மை.

பாஸ்டன் விருந்திலும் ஹார்ட்ஃபோர்டு விருந்திலும் அவர் இதைப் பற்றிப் பேசினார். உடனே பத்திரிகைகள் பாய்ந்தன. விருந்து வைத்த இடத்தில் வியாபாரம் பேசுகிறார், பணத்தாசை பிடித்தவர் என்று தாக்கின. யோசித்துப் பாருங்கள்: அவருடைய தலைமுடி வேண்டும், கையெழுத்து வேண்டும், அவர் முகம் கழுவுவதைப் பார்க்க வேண்டும். ஆனால் எழுதியதற்குக் கூலி கேட்டால் கோபம்! அமெரிக்காவில் வெளிநாட்டவருக்குப் பதிப்புரிமை தரும் சட்டம் 1891இல்தான் வந்தது. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, 1870இல், டிக்கன்ஸ் காலமாகிவிட்டார்.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. அதே 1842இல் அமெரிக்கப் பயண நூலை வெளியிட்டார். அடுத்து எழுதிய 'மார்ட்டின் சஸல்விட்' நாவலில் அமெரிக்கர்களைக் கிழி கிழியென்று கிழித்தார். அமெரிக்க வாசகர்கள் கொதித்தார்கள்.

பூட்டிய கதவுக்குப் பின்னால்

டிக்கன்ஸ் குறையே இல்லாத மனிதர் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1858இல் 22 ஆண்டு மணவாழ்க்கைக்குப் பின் மனைவியைப் பிரிந்தார். ஊரில் வதந்தி பரவியபோது, தானே நடத்திய 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' பத்திரிகையில் அறிக்கை வெளியிட்டு, வீட்டு விஷயத்தைத் தானே தெருவுக்குக் கொண்டுவந்தார். கேதரினுக்கு அப்படி ஒரு பத்திரிகை இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1860 செப்டம்பரில், தன் வீட்டுத் தோட்டத்தில் நெருப்பு மூட்டி, இருபது ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த கடிதங்களைக் கொளுத்திவிட்டார். எல்லோருக்கும் தெரிந்த மனிதருக்கும் யாருக்கும் தெரியக்கூடாத பக்கம் உண்டு. அதை விரும்புவதும் விரும்பாததும் வேறு. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க ரசிகர் என்ற தகுதி மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி.

25 ஆண்டுகள் கழித்து

1867 நவம்பரில் டிக்கன்ஸ் மறுபடியும் பாஸ்டனில் இறங்கினார். இம்முறை தன் கதைகளை மேடையில் வாசிக்க வந்திருந்தார். டிக்கெட் விற்பனை, மேலாளர், நேரக்கணக்கு எல்லாம் உண்டு. ஆரம்பத்தில் பழைய பயம் இருந்தது. அவர் சாப்பிடும்போது மற்றவர்கள் எட்டிப் பார்க்க வசதியாக, விடுதிப் பணியாளர்கள் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்தார்களாம். இந்த ஜனங்கள் மாறவே இல்லை என்று அவர் நொந்துகொண்டார்.

ஆனால் மாறியிருந்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்கு உடல்நலம் சரியில்லை. சளி விடவில்லை, கால் வீங்கியது. பகலில் ஓய்வு, இரவில் மேடை. பெரும்பாலான அழைப்புகளை மறுத்தார். இந்த முறை மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். டிக்கெட் வாங்கக் கடுங்குளிரில் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள், அரங்கத்தில் அழுதார்கள், சிரித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். பயணத்தின் முடிவில் ஏறத்தாழ 19,000 பவுண்டு அவருக்கு மிஞ்சியது. காசில்லாமல் கொட்டிய அன்பைவிட, டிக்கெட் வாங்கிய அன்பு மரியாதையாக நடந்துகொண்டது!

1868 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கில் பத்திரிகையாளர்கள் கொடுத்த பிரிவு விருந்தில் டிக்கன்ஸ் பேசினார். தன்னை எவ்வளவு பண்போடும் பரிவோடும் நடத்தினார்கள் என்று சொல்லி, தன் வேலைக்காகவும் உடல்நிலைக்காகவும் தேவைப்பட்ட தனிமையை மதித்ததற்காகத் தனியாக நன்றி சொன்னார். அத்தோடு விடாமல், அமெரிக்காவைப் பற்றி எழுதிய தன் இரண்டு புத்தகங்களின் ஒவ்வொரு பதிப்பிலும் இந்த வார்த்தைகள் பின்னிணைப்பாக வரவேண்டும் என்று அறிவித்தார். அப்படியே வந்தன.

ஒரு தேசமே ஒரு மனிதரிடம் மன்னிப்பு வாங்கிய கதை இது. அதற்குச் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கதவு மூடியிருக்கும்போது தள்ளி நிற்பது.

அப்புறம்?

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 1915இல் ஹரித்வார் கும்பமேளாவுக்குப் போன காந்தி, தரிசனம் தேடி வந்தவர்கள் குளிக்கிற படித்துறை வரை பின்தொடர்ந்ததையும், சாப்பிடும்போதுகூட விடாததையும் தன் சுயசரிதையில் வருத்தத்தோடு பதிவு செய்தார். பிற்காலத்தில் அவர் கண்டுபிடித்த வழி சுவையானது. ஆட்டோகிராப் வேண்டுமா? ஹரிஜன நிதிக்கு 5 ரூபாய் கொடு! ஆசையையும் மறுக்கவில்லை, தன் நேரத்தையும் வீணாக்கவில்லை.

1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் காத்திருந்த ஓர் இளைஞனுக்கு ஜான் லெனன் இசைத்தட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சில மணி நேரம் கழித்து வீடு திரும்பியபோது அதே ஆள் அவரைச் சுட்டுக் கொன்றான். 1989 ஜூலை 18 அன்று லாஸ் ஏஞ்சலஸில் 21 வயது நடிகை ரெபெக்கா ஷேஃபர் தன் வீட்டு வாசலிலேயே ஒரு 'ரசிகனால்' கொல்லப்பட்டார். வாகனப் பதிவுத் துறையின் ஆவணத்திலிருந்து ஒரு தனியார் துப்பறிவாளர் மூலம் அவன் அவருடைய முகவரியை வாங்கியிருந்தான். அதன் பிறகே 1990இல் கலிபோர்னியாவில் பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கு எதிரான சட்டம் வந்தது. வாகன ஆவணங்களிலுள்ள சொந்த விவரங்களைக் காக்கும் மத்திய சட்டம் 1994இல் வந்தது.

கையெழுத்துக் கேட்பவர் எல்லோரும் கொலைகாரர் இல்லை. லட்சத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் வாசலில் நிற்கிற அந்நியரில் யார் எப்படிப்பட்டவர் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. வெளியே நிற்பவருக்கு அது ஐந்து நிமிட ஆசை; உள்ளே இருப்பவருக்கு அது தினசரிப் பயம்.

இந்தியாவிலும் சட்டம் இதைப் பேசியிருக்கிறது. 'நக்கீரன்' இதழ் தொடர்பான 1994ஆம் ஆண்டு ராஜகோபால் வழக்கில், குடும்பம், திருமணம் போன்றவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளக் குடிமகனுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தது.

சட்டம் இருக்கட்டும். டிக்கன்ஸின் இரண்டு பயணங்களிலிருந்தே ரசிகர்களுக்கு வேண்டிய பாடம் கிடைத்துவிடுகிறது. மேடையும் அரங்க வாசலும் கேட்கிற இடம். வீடும் மருத்துவமனையும் சாப்பாட்டு மேசையும் கேட்கிற இடம் இல்லை. கேட்பது ரசிகரின் உரிமை, மறுப்பது அவருடைய உரிமை. கூட இருக்கிற மனைவியோ கணவரோ குழந்தையோ பிரபலம் அல்ல. கேதரின் எந்த நாவலும் எழுதவில்லை. ஒருவர் மீது உண்மையான பிரியம் இருந்தால் அவர் படைத்ததைக் காசு கொடுத்து வாங்குவதே முதல் மரியாதை.

கையெழுத்து நோட்டு நண்பர்களிடையே பிறந்தது. நண்பர் என்று சொல்லிக்கொள்கிறவர், அவர் முகம் கழுவி முடிக்கும்வரை காத்திருக்க மாட்டாரா?