கட்டத்திற்குள் அடங்காத எண்கள்



என் வகுப்பின் வாசிப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் ஐந்து கட்டங்கள் வரைந்திருந்தேன். ஒன்பது நூல்களைப் படித்த மாணவி, இடமின்மையால் நான்கு நூல்களை எழுதாமலே விட்டுவிட்டாள். இரண்டே நூல்களைப் படித்த மாணவன், எஞ்சிய மூன்று கட்டங்களிலும் சுழியம் இட்டு வைத்தான். இதே சிக்கலோடு அணுத்துகள் அறிவியலாளர்கள் பல்லாண்டுகள் போராடியிருக்கின்றனர். அவ்வரலாற்றை இன்று பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில் அமைந்துள்ள செர்ன் ஆய்வகத்தில் துகள்களை மிகுந்த வேகத்தில் மோதவிட்டு ஆராய்கின்றனர். ஒரு மோதலில் மூன்று துகள்கள் தோன்றலாம். அடுத்ததில் முந்நூறு தோன்றலாம். ஒவ்வொரு துகளுக்கும் உந்தம், திசை முதலிய அளவுகள் உண்டு. இவ்வாறு ஒரே வகை எண்களை அடுக்கி வைக்கும் அமைப்பைக் கணினியியலில் அணி என்பர். அடுக்கின் நீளம் மோதலுக்கு மோதல் வேறுபடுமானால் அது மாறுநீள அணி.

அக்காலத்தில் அங்குப் பெரிதும் பயன்பட்ட ஃபார்ட்ரான் 77 மொழியில், அணியின் நீளத்தை நிரல் எழுதும்போதே முடிவு செய்தாக வேண்டும். நூறு இடங்களை ஒதுக்கினால் நூற்றொன்றாம் துகளுக்கு இடமில்லை. பத்தாயிரம் இடங்களை ஒதுக்கினால் பெரும்பகுதி வீண். அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. வெற்றிடத்தை நிரப்பும் சுழியம், அளந்து கண்ட சுழியமா? அல்லது அங்குத் துகளே இல்லை என்பதன் அடையாளமா? இவ்விரண்டும் கலந்துவிட்டால் ஆய்வின் முடிவே பிழையாகிவிடும் அன்றோ!

1980களில் உருவான ஜீப்ரா என்னும் மென்பொருள், ஃபார்ட்ரானில் இல்லாத நெகிழ்வை நினைவகத்திற்கு அளித்தது. 1986இல் தொடங்கப்பட்ட பி.ஏ.டபிள்யூ. என்னும் பகுப்பாய்வு மென்பொருளின் தொடக்ககால அட்டவணைகளில், எல்லா வரிசைகளுக்கும் ஒரே எண்ணிக்கையிலான கட்டங்களே இருந்தன. பின்னர் வந்த நெடுவரிசை அட்டவணையில், எத்தனை துகள்கள் என்ற எண்ணை முதலில் குறித்து, அத்தனை அளவுகளை மட்டும் எழுத வழி பிறந்தது.

1990களின் நடுவில், செர்னின் என்.ஏ.49 ஆய்வில் ஈய அணுக்கருக்களை மோதவிட்டபோது, ஒரே மோதலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துகள்கள் தோன்றின. அச்சூழலில்தான் ரெனே புருனும் ஃபோன்ஸ் ராடமேக்கர்ஸும் 1995இல் ரூட் என்னும் மென்பொருளைத் தொடங்கினர். வேர் என்பது அப்பெயரின் பொருள். அதன் தரவு அமைப்புக்கு மரம் என்றும், அதன் உறுப்புகளுக்குக் கிளை, இலை என்றும் பொருள்படும் பெயர்களையே சூட்டினர். எல்லா உந்தங்களும் ஒரு கிளையில், எல்லாத் திசைகளும் மற்றொரு கிளையில். ஆய்வாளர் தமக்கு வேண்டிய கிளையை மட்டும் படித்தால் போதும்.

நீளம் மாறும்போது எப்படிச் சேமிப்பது? ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம். மூன்று மோதல்களில் முறையே 3, 0, 2 துகள்கள் தோன்றின எனக் கொள்வோம். ஐந்து உந்தங்களையும் இடைவெளியின்றி ஒரே வரிசையில் எழுதுக. பக்கத்தில் 0, 3, 3, 5 எனத் திரண்ட எண்ணிக்கையை எழுதுக. அடுத்தடுத்த எண்களின் வேறுபாடே ஒவ்வொரு மோதலின் துகள் எண்ணிக்கை. 3, 3 என ஒரே எண் இருமுறை வருவதால் இரண்டாம் மோதலில் துகள் இல்லை என்பது ஐயமின்றி விளங்கும். பொய்ச் சுழியம் ஏதும் தேவையில்லை!

2012 ஜூலை 4இல் ஹிக்ஸ் துகளைப் பற்றிய அறிவிப்பு வந்தபோது, அதற்குப் பின்னிருந்த பகுப்பாய்வுகளில் ரூட் பெரும்பங்கு ஆற்றியது. பைத்தான் மொழியில் இத்தகைய ஒழுங்கற்ற அணிகளைக் கையாளும் ஆக்வர்ட் அரே, 2020இல் தன் முதல் முழுப் பதிப்பைக் கண்டது. ரூட்டின் அடுத்த தலைமுறைச் சேமிப்பு முறையான ஆர்என்டியூப்பிளின் கோப்பு வடிவம் 2024இல் உறுதி செய்யப்பட்டது. இவ்விரண்டிலும் மேற்கண்ட திரண்ட எண்ணிக்கை முறையே அடிப்படை.

இதனைப் படித்தபின் என் பதிவேட்டிலிருந்த கட்டங்களை நீக்கிவிட்டேன். இப்பொழுது மாணவர்கள் முதலில் எத்தனை நூல்கள் என எழுதுகின்றனர். பின்னர் அவற்றின் தலைப்புகளை எழுதுகின்றனர். ஒன்பது படித்தவளுக்கு ஒன்பது வரிகள். இரண்டு படித்தவனுக்கு இரண்டு. நாம் வரையும் கட்டத்திற்காகப் பிள்ளையின் உழைப்பைக் குறைப்பதும் கூட்டுவதும் முறையாகுமா? சிந்திப்போம்.