பாயிரம் எழுதியோரும் மதிப்புரை எழுதுவோரும்

கல்லூரியில் ஒரு நூலைக் கொடுத்து மதிப்புரை எழுதிவரச் சொல்லும் வழக்கம் ஆங்கிலக் கல்வியோடு வந்தது. நூலை எடைபோடும் அளவுகோலும் அதனுடன்தான் வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் என்ற இலக்கண நூலை இயற்றிய பவணந்தி முனிவர், ஒரு நூலின் சிறப்புப் பாயிரம், அதாவது அதன் முன்னுரை, சொல்ல வேண்டியவற்றை எட்டாக வகுத்தார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு என்றார். எந்த மரபின் வழியில் வந்த நூல், எதுவரை பேசுகிறது, யாருக்காக எழுதப்பட்டது, படிப்பவர் அடைவது என்ன? மாணவரின் மதிப்புரையில் முதல் இரண்டு பக்கங்களுக்குள் இன்றைய ஆசிரியர் தேடுவதும் இவற்றைத்தான்.

குறை காணவும் அதே நூலில் இடமுண்டு. நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் நன்னூல் பட்டியலிடுகிறது. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வது குற்றம். மிகுத்துச் சொல்வதும் குற்றம். முன்னே சொன்னதற்குப் பின்னே மாறுபடுவது மாறுகொளக் கூறல். எடுத்த பொருளை விட்டு வேறொன்றில் நீள்வது மற்றொன்று விரித்தல். கம்பீரமாகத் தொடங்கிப் போகப் போகச் சத்தின்றி முடிவது சென்று தேய்ந்து இறுதல். நான்கு இயல்கள் செறிவாகவும் கடைசி இரண்டு அவசரமாகவும் அமைந்த ஓர் ஆய்வு நூலைக் குறிக்க இதைவிடச் சுருக்கமான பெயர் கிடைக்காது. இவை இலக்கண நூல்களை மனத்தில் வைத்து வகுத்தவை, நாவலுக்கும் கவிதைக்கும் பொருந்தா எனலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் வகுப்புகளில் மதிப்புரைக்குத் தரப்படுபவற்றில் பெரும்பகுதி வரலாறும் சமூகவியலும் பேசும் நூல்கள். அவற்றுக்கு இந்த அளவுகோல் நன்றாகவே பொருந்தும்.

அப்படியானால் திறனாய்வு மரபு ஏன் இங்கே அன்றே வேர்விடவில்லை? விடை, பாயிரம் எழுதத் தக்கவர் யார் என்று நன்னூல் வகுத்த விதியில் இருக்கிறது. எல்லாக் கலையும் கற்றவனே ஆனாலும் தன்னைத் தானே புகழ்தல் தகாது. ஆகவே அவனுடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரில் ஒருவர் எழுத வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் தொல்காப்பியரின் உடன் மாணாக்கர் என்பதே மரபு. தற்புகழ்ச்சியைத் தடுத்த விதி, நூலைப் பற்றிப் பேசும் பொறுப்பை நூலாசிரியரின் சுற்றத்திடமே ஒப்படைத்துவிட்டது. அவர்களிடம் குற்றப் பட்டியல் இருந்தும், அதை எடுத்து நீட்டும் கடமை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவியபோது இந்த வழக்கம் குறையாமல் பெருகியது. புலவர்கள் நூலைப் புகழ்ந்து பாடிய சாற்றுகவிகள் நூலின் முன்பக்கங்களை நிறைத்தன.

கண்டனமே இங்கு இருந்ததில்லையா என்று கேட்கலாம். இருந்தது, அதுவும் கடுமையாக. வைத்தியநாத தேசிகரின் ‘இலக்கண விளக்கம்’ என்ற நூலை மறுத்து, 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ எழுதினார். நூலைக் கூர்ந்து படித்தவரின் மறுப்பு அது. ஆனால் அது மூல நூலை முன்பே கற்ற புலவருக்கானது. இந்த நூலைப் படிக்கலாமா என்று தயங்கும் பொது வாசகர் அதன் முன் இல்லை. பாயிரம் ஒரு கரையில், கண்டனம் மறு கரையில் நிற்க, நிறையும் குறையும் சேர்த்துப் பார்த்து அந்நியருக்குக் காரணம் சொல்லும் எழுத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

அந்த இடத்தை உண்டாக்கியவை பத்திரிகைகள். விலை கொடுத்து வாங்கும் வாசகர் வந்த பிறகே, அவர் சார்பில் பேசுபவரும் தேவைப்பட்டார். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் விமர்சனத்தையே முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டது. க.நா. சுப்ரமண்யம் இலக்கியத் தரத்தை முன்வைத்து நூல்களைப் பொறுக்கினார். 1968இல் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ வெளியிட்ட க. கைலாசபதி, சமூகப் பின்னணியை விட்டு நாவலை அளக்க முடியாது என்று வாதிட்டார். சுப்ரமண்யமும் கைலாசபதியும் எதிரெதிர் நின்றாலும், இருவருமே காரணத்தை வாசகர் முன் வைத்தார்கள்.

மாணவருக்கு அறிஞர் நூலை எடைபோடும் தகுதி ஏது என்ற ஆட்சேபம் இன்னும் எழுகிறது. நூலாசிரியர் அளவு கற்றிருந்தால்தான் பேசலாம் என்றால் மறுபடியும் பாயிரக்காரர் நால்வர் மட்டுமே மிஞ்சுவர். மாணவரிடம் கேட்பது தீர்ப்பன்று, சான்று: எந்தப் பக்கத்தில் வாதம் மாறுகொள்கிறது, எந்த இயலில் தேய்கிறது என்று காட்டினால் போதும், அந்தப் பக்கத்தைப் புரட்டி எவரும் சரிபார்க்கலாம். பின்னட்டை வாசகத்தையும் அணிந்துரையையும் தம் சொல்லில் மாற்றி எழுதிக் கொடுப்பவர், நூலாசிரியரின் முகம் தெரியாமலே அவருக்குப் பாயிரம் பாடுகிறார். மதிப்புரைக்கு நன்னூலின் பட்டியலைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். யார் எழுதலாம் என்ற அதன் விதியை மட்டும் விட்டுவிட வேண்டும்.